படிமம் காட்டும் தசையும் நோயாளி உணரும் வலியும்: தாடை மூட்டுக் கோளாறு ஆய்வுகளில் மருத்துவப் படிமங்களின் பயன்பாடு – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தாடை மூட்டுக் கோளாறுகளால் துன்புறுவோரின் மெல்லும் தசைகளை அறிய, சி.டி., மீயொலி, காந்த ஒத்திசைவுப் படிமம் ஆகிய முறைகள் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாகப் பயன்படுத்தப்பட்டு வருகின்றன. இவை தசையின் வடிவம், தடிமன், பருமன், நீர்த்தன்மை, கொழுப்புப் படிவு ஆகியவற்றைக் காட்டுகின்றன. ஆயினும், படிமத்தில் காணும் மாற்றத்தை வலியின் காரணமாகவே கொள்ளும் போக்கு ஆய்வுகளில் தொடர்ந்து இடம்பெறுகிறது. இப்போக்கின் வரலாற்றுப் பின்புலத்தையும், அளவீட்டு முறைகளின் வரம்புகளையும், வெளிச்சிறகுத் தசை குறித்த விவாதத்தையும் இக்கட்டுரை திறனாய்வு நோக்கில் ஆராய்கிறது. தசைப் படிமங்கள் உடற்கூற்று அறிவுக்கும் பிற நோய்களை விலக்குவதற்கும் இன்றியமையாதவை. வலிக்குச் சான்றாக அவற்றைத் தனித்து நிறுத்துவதற்குப் போதிய அடிப்படை இல்லை என்பது கட்டுரையின் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: தாடை மூட்டுக் கோளாறு, மெல்லும் தசைகள், வெளிச்சிறகுத் தசை, மருத்துவப் படிமவியல், மீயொலி, காந்த ஒத்திசைவுப் படிமம், தசைவலி

முன்னுரை

காதுக்கு முன்னால், கீழ்த்தாடை மண்டையோட்டின் பொட்டெலும்போடு பொருந்தும் இடத்தில் அமைந்தது தாடை மூட்டு. அம்மூட்டிலும் அதனை இயக்கும் தசைகளிலும் தோன்றும் வலி, வாய் திறப்பதில் தடை, மூட்டில் எழும் ஒலி ஆகியவற்றைத் தாடை மூட்டுக் கோளாறுகள் என்னும் பொதுப்பெயரால் மருத்துவ உலகம் குறிக்கிறது. இப்பெயர் ஒரே நோயைக் குறிப்பதன்று. காரணத்தாலும் போக்காலும் வேறுபட்ட பல நிலைகளின் தொகுதி. இவற்றுள் தசைவலி மிகப் பரவலானது.

தசைவலி உடையோரின் கன்னத்திலோ பொட்டிலோ பெரும்பாலும் வெளிப்படையான மாற்றம் எதுவும் தெரிவதில்லை. எலும்பு முறிந்தால் கதிர்ப்படம் காட்டிவிடும். தசைவலிக்கு அத்தகைய சான்று கிடைப்பதில்லை. எனவே நோயாளி தம் வலியை மெய்ப்பிக்க ஒரு படத்தை நாடுகிறார். மருத்துவரும் தம் முடிவுக்கு ஒரு படத்தைத் துணைகொள்ள விழைகிறார். படிமவியல் ஆய்வுகள் பெருகியதற்கு இவ்விருவரின் தேவையும் காரணமாகும். தேவை மெய்யானது என்பதனாலேயே படிமம் தரும் விடையும் மெய்யானதாகிவிடாது. படிமத்தில் ஒன்றும் இல்லை எனில் வலியே இல்லை என்று கருதப்படும் இடர் ஒருபுறமும், படிமத்தில் ஏதோ தெரிகிறது எனில் அதனை நீக்க முற்படும் இடர் மறுபுறமும் உள்ளன. தசைப் படிமங்களை முன்வைத்து எழுதப்படும் ஆய்வுகளைத் திறனாய்வுக்கு உட்படுத்த வேண்டிய கட்டாயம் இவ்விரு இடர்களிலிருந்து எழுகிறது.

மெல்லும் தசைகளின் அமைப்பு

மெல்லும் தசைகள் என ஒவ்வொரு புறத்திலும் நான்கு தசைகள் குறிக்கப்படுகின்றன. மாசெட்டர் எனப்படும் கன்னத் தசை, கன்ன எலும்பு வளைவிலிருந்து கீழ்த்தாடையின் வெளிப்பரப்புக்கு இறங்குகிறது. பற்களைக் கடித்துக் கன்னத்தில் விரல் வைத்தால் இதன் திரட்சியை எவரும் உணரலாம். டெம்போரலிஸ் எனப்படும் பொட்டுத் தசை மண்டையோட்டின் பக்கவாட்டில் விசிறிபோல் விரிந்து கிடக்கிறது. உட்சிறகுத் தசை கீழ்த்தாடையின் உட்புறத்தில் அமைந்து, கன்னத் தசையோடு சேர்ந்து தாடையை இருபுறமும் தாங்குகிறது. இம்மூன்றும் வாயை மூடும் தசைகள். நான்காவதாகிய வெளிச்சிறகுத் தசை மேல், கீழ் என இரு தலைகளை உடையது. ஏறத்தாழக் கிடைமட்டமாகச் சென்று, தாடைக் குமிழின் கழுத்துப் பகுதியிலும் மூட்டின் உள்ளமைப்பிலும் இணைகிறது. தாடையை முன்னோக்கியும் பக்கவாட்டிலும் நகர்த்துவதிலும் வாயைத் திறப்பதிலும் இதற்குப் பங்குண்டு.

இவ்வமைப்பு வேறுபாடே படிமவியலின் முதல் வரம்பினை வகுக்கிறது. கன்னத் தசை தோலுக்கு அடியிலேயே இருப்பதால் மீயொலிக் கருவிக்கு எளிதில் வசப்படுகிறது. பொட்டுத் தசையின் முன்பகுதியும் அவ்வாறே. சிறகுத் தசைகளோ தாடை எலும்புக்குப் பின்னே மறைந்துள்ளன. எலும்பை ஊடுருவ இயலாத மீயொலியால் அவற்றைச் செவ்வனே காட்ட முடிவதில்லை. ஆகவே கன்னத் தசை குறித்த தரவுகள் ஏராளமாகவும் பிற தசைகள் குறித்தவை குறைவாகவும் உள்ளன. எளிதில் அளக்கக்கூடிய தசையே நோயில் முதன்மையானது என்னும் மயக்கம் இச்சமனின்மையால் எழ வாய்ப்புண்டு.

விளக்கங்கள் மாறிய வரலாறு

தாடை மூட்டு வலிக்கான விளக்கங்கள் ஒவ்வொரு காலத்திலும் அக்காலத்தில் கைக்கொள்ளப்பட்ட கருவிகளோடு தொடர்புடையனவாக இருந்துள்ளன. 1934இல் அமெரிக்கக் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், காதுவலி, காதடைப்பு முதலிய அறிகுறிகளைத் தாடை மூட்டின் சீர்கேட்டோடு இணைத்து எழுதினார். கடைவாய்ப் பற்களை இழந்தோரின் தாடை அளவுக்கு மீறி மூடுவதால் தாடைக் குமிழ் பின்னோக்கி அழுத்துகிறது என்பது அவர் கருத்து. பின்வந்த உடற்கூற்றியலாளர்கள் அவர் கூறிய நரம்பழுத்த விளக்கத்தை மறுத்தனர். எனினும் பல் பொருத்தமே வலிக்கு மூலம் என்னும் எண்ணம் நெடுங்காலம் நிலைத்தது.

1950களில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய லாஸ்லோ ஷ்வார்ட்ஸ், கவனத்தை மூட்டிலிருந்து தசைகளுக்குத் திருப்பினார். 1969இல் டேனியல் லாஸ்கின், மன அழுத்தம் தசையைக் களைப்படையச் செய்து வலியை உண்டாக்குகிறது என்னும் விளக்கத்தை முன்வைத்தார். 1970களின் பிற்பகுதியில் இப்போக்கு மீண்டும் மாறிற்று. மூட்டினுள் சாயமருந்தைச் செலுத்திக் கதிர்ப்படம் எடுக்கும் முறையை வில்க்ஸ் முதலியோர் மேம்படுத்தினர். மூட்டுத் தட்டு தன் இடத்திலிருந்து முன்னோக்கிப் பெயர்ந்திருப்பது அப்படங்களில் தெரிந்தது. 1980களின் நடுவில் காந்த ஒத்திசைவுப் படிமம் தாடை மூட்டுக்கும் பயன்படத் தொடங்கியதும், ஊசி இல்லாமலேயே தட்டினைக் காண முடிந்தது. கண்ணுக்குத் தெரிந்த தட்டு விளக்கத்தின் மையமாயிற்று. தெரியாத தசை பின்னுக்குச் சென்றது.

இதன் விளைவுகள் ஆய்வேடுகளோடு நிற்கவில்லை. தட்டினை மீண்டும் இருத்துவதும், அகற்றிவிட்டுச் செயற்கைப் பொருளை வைப்பதும் 1980களில் பரவலாயின. புரோபிளாஸ்ட்–டெஃப்லான் என்னும் பொருளாலான உள்வைப்புகள் மூட்டின் உராய்வில் சிதைந்து, கடுமையான அயற்பொருள் எதிர்வினையையும் எலும்பு அரிப்பையும் உண்டாக்கின. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. அவை திரும்பப் பெறப்பட்டன. அதற்குள் பல நோயாளிகள் முன்னிருந்ததினும் கொடிய நிலைக்கு ஆளாகியிருந்தனர். இத்துன்பத்துக்குப் பொருளின் குறைபாடே நேரடிக் காரணம். ஆயினும், இடம்பெயர்ந்த தட்டு திருத்தப்பட வேண்டிய ஒன்று என்னும் நம்பிக்கையே அறுவைக்கு வழிவகுத்தது என்பதை மறத்தல் ஆகாது.

தசையை அளக்கும் முறைகள்

தசைப் படிம ஆய்வின் தொடக்கம் நோயைப் பற்றியதன்று. தசையின் வலிமையைப் பற்றியது. 1980களின் நடுவில் நெதர்லாந்தைச் சேர்ந்த வைஸ், ஹில்லன் ஆகியோர், சி.டி. படத்தில் காணும் தசைக் குறுக்குவெட்டுப் பரப்பை, உடற்கூறாய்வில் அளந்த தசைநார்களின் பரப்போடு ஒப்பிட்டனர். இரண்டுக்கும் உறவு இருப்பது தெரிந்ததும், உயிருள்ளோரின் தசைத் திறனைப் படத்தைக் கொண்டு மதிப்பிடும் வழி திறந்தது. பற்களை முற்றும் இழந்த முதியோரின் மெல்லும் தசைகள் சிறுத்திருப்பதும் சி.டி. ஆய்வுகளில் புலப்பட்டது. சி.டி. முறை கதிர்வீச்சைப் பயன்படுத்துவதால், தசையை மட்டும் காண்பதற்காக நோயாளிகளிடம் அதனை மீண்டும் மீண்டும் மேற்கொள்வது முறையன்று.

1990களின் தொடக்கத்தில் மீயொலி இக்குறையை நீக்கிற்று. கிலியாரிடிஸ், கேலபோ ஆகியோரின் ஆய்வும், பாக்கே குழுவினரின் ஆய்வும் கன்னத் தசையின் தடிமனை முக அமைப்போடும் கடிவிசையோடும் ஒப்பிட்டன. நீண்ட முகம் உடையோரிடம் தசை மெலிந்தும், அகன்ற முகம் உடையோரிடம் தடித்தும் இருக்கும் போக்கு கண்டறியப்பட்டது. வளர்ந்தோரிடம் ஓய்வு நிலையில் ஏறத்தாழ 1 செ.மீ. அளவில் இருக்கும் தடிமன், பற்களை இறுகக் கடிக்கும்போது சில மில்லிமீட்டர் கூடுகிறது. இச்சிறு எண்களே பின்வந்த நோய் ஆய்வுகளின் அடித்தளம்.

இவ்வடித்தளத்தின் உறுதி அளக்கும் விதத்தைப் பொறுத்தது. மீயொலிக் கருவியைக் கன்னத்தில் சற்று அழுத்தினாலே தசை தட்டையாகி அளவு குறையும். சாய்த்துப் பிடித்தால் கூடும். தசையின் நடுப்பகுதியில் எடுத்த அளவும் ஓரத்தில் எடுத்த அளவும் ஒன்றாகா. ‘ஓய்வு நிலை’ என்பதே ஐயத்துக்குரியது. படுத்திருப்பவர் பற்களைச் சற்றே தொடவிட்டாலும் தசை சுருங்கத் தொடங்கிவிடும். நோயாளிக்கும் நலமுடையோருக்கும் இடையே அறிவிக்கப்படும் வேறுபாடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கும்போது, அவ்வேறுபாடு நோயினுடையதா கையினுடையதா என்னும் வினாவுக்கு ஆய்வு விடையளித்தாக வேண்டும். அளப்பவருக்கு எதிரில் இருப்பவர் நோயாளியா என்பது தெரியாதவாறு ஆய்வை அமைத்தல் இதற்குரிய முதல் நெறி. தசையின் விறைப்பை அளக்கும் மீள்தன்மை மீயொலி முறைக்கும் இக்குறைகள் பொருந்தும். கருவியின் அழுத்தமே விறைப்பைக் கூட்டிக் காட்டவல்லது.

காந்த ஒத்திசைவுப் படிமம் எல்லாத் தசைகளையும் கதிர்வீச்சின்றிக் காட்டுகிறது. தசையின் பருமனோடு நீர்த்தன்மையையும் கொழுப்புப் படிவையும் காட்டுவது இதன் தனிச்சிறப்பு. டி2 வகைப் படத்தில் நீர்மிகுந்த திசு வெண்மையாகத் தெரியும். அவ்வெண்மை வீக்கத்தைக் குறிக்கலாம். அதேவேளை, சற்றுமுன் கடுமையாக உழைத்த நலமான தசையும் சிறிது நேரம் அவ்வாறே தோன்றும் என்பது உடற்பயிற்சி ஆய்வுகளால் தெளிவாகியுள்ளது. படம் எடுக்கும் முன் நோயாளி எதனை மென்றார், அச்சத்தால் பல்லைக் கடித்தாரா என்பனவும் படத்தில் பதிவாகக்கூடும். மேலும், மூட்டுத் தட்டினைக் காண்பதற்கென வகுக்கப்பட்ட படங்களில் தசையின் ஒரு பகுதியே விழும். அப்படங்களைப் பின்னர் எடுத்துவைத்துத் தசையை மதிப்பிடும் ஆய்வுகள், வேறொரு நோக்கத்துக்காகத் திரட்டிய தரவினைச் சார்ந்தவை என்பதை வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும்.

வெளிச்சிறகுத் தசை குறித்த விவாதம்

படிமத்தின் வலிமையும் வரம்பும் ஒருங்கே தெரியும் இடம் வெளிச்சிறகுத் தசை. இத்தசையின் மேல்தலை மூட்டுத் தட்டினை முன்னோக்கி இழுப்பதால் தட்டு இடம்பெயர்கிறது என்னும் கருத்து நெடுங்காலம் பாடநூல்களில் நிலவியது. தட்டின் இடப்பெயர்ச்சியையும் தசைவலியையும் ஒரே காரணத்தால் விளக்கியமையால் இக்கருத்து கவர்ச்சி மிக்கதாயிற்று. உடற்கூறாய்வுகள் இதனைப் பெரிதும் தளர்த்தின. மேல்தலையின் பெரும்பாலான நார்கள் தாடைக் குமிழிலேயே இணைகின்றன. ஒரு பகுதியே தட்டினைச் சென்றடைகிறது. அப்பகுதியின் அளவும் ஆளுக்கு ஆள் மாறுபடுகிறது. காந்த ஒத்திசைவுப் படங்களைக் கொண்டு இணைப்பு வகைகளைப் பகுத்த ஆய்வுகள், குறிப்பிட்ட ஒரு வகைக்கும் தட்டின் இடப்பெயர்ச்சிக்கும் உறுதியான உறவு உண்டா என்பதில் ஒன்றுபடவில்லை.

இத்தசையை விரலால் தொட்டறிய இயலுமா என்பதே விவாதத்துக்கு உள்ளானது. மேல் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் விரலைச் செலுத்தி அழுத்தும் சோதனை பல காலமாகக் கற்பிக்கப்பட்டு வந்தது. விரல் உண்மையில் அத்தசையை எட்டுவதில்லை என ஒரு சாராரும், எட்டக்கூடும் எனப் பிறிதொரு சாராரும் எழுதினர். நலமுடையோர் பலருக்கும் அவ்விடத்தில் அழுத்தினால் வலிக்கும் என்பது நடைமுறை உண்மை. எனவே அச்சோதனையில் தோன்றும் வலியைக் கொண்டு தசை நோயுற்றது என முடிவு கட்டுதல் பொருந்தாது.

தசை அளவுக்கு மீறி இயங்குகிறது என்னும் கூற்றைச் சோதிக்க மின்வரைவு தேவை; ஆழத்தில் உள்ள தசைக்கு நுண்கம்பி மின்முனை தேவை. மின்முனை சரியான தசையில்தான் உள்ளதா என்பதை உறுதிசெய்யாத பதிவுக்கு மதிப்பில்லை. சிட்னியில் கிரெக் மர்ரே குழுவினர், மின்முனையைச் செலுத்தியபின் சி.டி. படம் எடுத்து அதன் இருப்பிடத்தை உறுதிசெய்யும் நெறியைக் கையாண்டனர். இரு தலைகளும் ஒன்றுக்கொன்று முற்றிலும் எதிராக இயங்குகின்றன என்னும் எளிய பழைய வரையறை அவர்தம் பதிவுகளுக்கு முன் நிற்கவில்லை. தாடையின் திசைக்கேற்பத் தசையின் வெவ்வேறு பகுதிகள் படிப்படியாகச் செயற்படுவது தெரிந்தது. மிகை இயக்கமே கோளாறுகளுக்குக் காரணம் என்னும் கூற்றுக்குப் போதிய சான்று இல்லை என்பதும் சுட்டப்பட்டது.

இவ்வாய்வுகளில் படிமம் வகித்த பங்கு கருதத்தக்கது. அது நோயைக் காட்டும் சான்றாக நிறுத்தப்படவில்லை. வேறொரு அளவீட்டின் நம்பகத்தைச் சோதிக்கும் கருவியாக நின்றது. படிமத்தால் ஐயமின்றி விடை கூறக்கூடிய வினா ‘எங்கே’ என்பது. மர்ரே குழுவினர் படிமத்திடம் அவ்வினாவையே கேட்டனர்.

இயல்பு நிலை என்னும் அளவுகோல்

நோயை அறிய முதலில் இயல்பு நிலையை அறிதல் வேண்டும். மூட்டுத் தட்டினைப் பொறுத்தவரை இது தெளிவாகவே நிகழ்ந்தது. எவ்வகைத் தொல்லையும் இல்லாத தன்னார்வலர்களைப் படமெடுத்த பல ஆய்வுகளில், ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத் தட்டு இடம்பெயர்ந்தே இருந்தது. இடம்பெயர்வு நோயாளிகளிடம் மிகுதி என்பது உண்மை. ஆனால் இடம்பெயர்வு மட்டுமே நோயாகாது என்பதும் உண்மை. தசைப் படிமங்களுக்கு இத்தகைய பரந்த ஒப்பீட்டுத் தளம் போதிய அளவில் உருவாகவில்லை. வயது, பாலினம், முக அமைப்பு, பற்களின் எண்ணிக்கை, உணவுப் பழக்கம், ஒருபுறமாக மெல்லும் வழக்கம் ஆகிய அனைத்தும் தசையின் பருமனை மாற்றவல்லவை. இவற்றைக் கட்டுப்படுத்தாத ஒப்பீடு எதனை ஒப்பிடுகிறது என்பதே விளங்காது.

தமிழ்நாடு உள்ளிட்ட தெற்காசியப் பகுதிகளில் மேற்கொள்ளப்படும் ஆய்வுகள் மேலும் ஒன்றைக் கருத்தில் கொள்ளல் வேண்டும். பாக்கு மெல்லும் வழக்கம் இங்கு வேரூன்றியது. தொடர்ந்து பாக்கு மெல்லுவதால் வாயின் உட்சவ்வு இறுகி, வாய் திறப்பு குறையும் நார்ப்பெருக்க நோய் தோன்றுகிறது. அந்நோயாளிகளின் கன்னத் தசையும் மாற்றமடையக்கூடும். வாய் திறப்பதில் தடை, தசையின் தடிமன் மாற்றம் ஆகிய இரண்டும் ஒருங்கே காணப்படுவதால் அதனைத் தாடை மூட்டுக் கோளாறு எனப் பிழைபடக் கொள்ள இடமுண்டு. பிற நாடுகளில் வகுத்த இயல்பு அளவுகளை இங்கு அப்படியே எடுத்தாளுதல் ஏற்புடையதன்று.

நோய் வரையறையும் காரணக் கூற்றும்

1992இல் ஆய்வு நோக்கில் வகுக்கப்பட்டு, 2014இல் திருத்தி வெளியிடப்பட்ட பன்னாட்டு நோயறி வரையறைகள், தசைவலியைப் படிமம் இன்றியே அறிய வழிகாட்டுகின்றன. நோயாளி கூறும் வலியின் வரலாறும், கன்னத் தசையிலும் பொட்டுத் தசையிலும் ஏறத்தாழ 1 கிலோ விசையுடன் விரலால் அழுத்தும்போது அவருக்குப் பழக்கமான அதே வலி தோன்றுவதுமே அடிப்படை. இம்முறையின் உணர்திறன் 0.90, தனித்தன்மை 0.99 என அறிவிக்கப்பட்டுள்ளது. இடம்பெயர்ந்து மீண்டும் பொருந்தும் மூட்டுத் தட்டினைப் படிமமின்றி அறிவதன் உணர்திறனோ 0.34 மட்டுமே. தட்டுக்குப் படிமம் தேவைப்படுகிறது, தசைவலிக்குத் தேவைப்படவில்லை.

இவ்வெண்களையும் திறனாய்வின்றி ஏற்றல் கூடாது. தசைவலிக்கான ஒப்பீட்டு அளவுகோல் தேர்ந்த மருத்துவர்களின் ஒருமித்த முடிவே. அம்முடிவும் வினவலையும் விரலழுத்தத்தையும் சார்ந்தது. ஆதலால் உயர்ந்த எண்கள் ஓரளவு எதிர்பார்க்கத்தக்கவையே. படிமத்தை ஆதரிப்போர் சுட்டும் இக்குறை நியாயமானது. எனினும் இக்குறையைப் படிமத்தால் நீக்க முடியாது. வலி என்பது உணர்பவரின் அனுபவம்; அதற்கு அவர்தம் கூற்றினும் மேலான அளவுகோல் இன்றுவரை இல்லை.

ஆய்வேடுகளின் சொல்லாட்சியும் கவனத்துக்குரியது. ‘தசைப்பிடிப்பு’, ‘மிகை இயக்கம்’, ‘தசைச் சீர்கேடு’ ஆகிய சொற்கள் விளக்கமாகத் தோன்றினும், அவற்றுள் காரணக் கூற்று ஒளிந்துள்ளது. வலி தசையை இறுக்குகிறது, இறுக்கம் மேலும் வலியை உண்டாக்குகிறது என்னும் சுழற்சிக் கோட்பாட்டின் எச்சமே ‘தசைப்பிடிப்பு’ என்னும் வழக்கு. 1991இல் லுண்ட் முதலியோர் முன்வைத்த வலித் தகவமைப்புக் கோட்பாடு இதற்கு மாறானது. வலியுள்ள தசை மிகையாக இயங்குவதில்லை. தாடையைக் காக்கும் பொருட்டு அதன் விசை குறைகிறது என்பது அதன் சாரம். இக்கோட்பாட்டின்படி, மெலிந்த தசை வலியின் விளைவாக இருக்கலாம்; சுழற்சிக் கோட்பாட்டின்படியோ தடித்த தசை வலியின் காரணமாக இருக்கலாம். ஒரே வேளையில் எடுத்த ஒற்றைப் படத்தால் இரண்டையும் பிரித்தறிய இயலாது. தடித்திருந்தாலும் மெலிந்திருந்தாலும் நோய்க்குச் சான்று என எழுதப்படும்போது, அக்கூற்று மறுக்கப்பட முடியாததாகி ஆய்வுத்தன்மையை இழக்கிறது.

வலி தோன்றுவதற்கு முன்னரே நலமுடையோரைத் தொடர்ந்து நோக்கிய அமெரிக்காவின் ஓப்பெரா ஆய்வு இங்கு நினைக்கத்தக்கது. உடலின் பிற இடங்களில் உள்ள வலிகள், பொதுவான உடல்நலக் குறைகள், உடல்சார் அறிகுறிகளின் மிகுதி ஆகியவை பின்னர்த் தாடை வலி தோன்றுவதை முன்னறிவிப்பனவாக அதில் அமைந்தன. தாடை வலியின் வேர் தாடைக்குள் மட்டும் இல்லை என்பதை இது உணர்த்துகிறது.

படிமத்துக்குரிய இடம்

மேற்கண்டவை படிமத்தைப் புறந்தள்ளுவதற்கான வாதங்கள் அல்ல. கட்டி, தொற்று, எலும்பு அரிப்பு, தசையின் அசாதாரணப் பெருக்கம் ஆகியவற்றைப் படிமமே காட்டும். வாய் திறப்பு திடீரெனக் குறைதல், ஒருபுற வீக்கம், உணர்விழப்பு ஆகியவை காணப்படும்போது படிமத்தைத் தவிர்த்தல் பெரும்பிழையாகும். போட்டுலினம் நச்சு மருந்து செலுத்தியபின் கன்னத் தசை எவ்வளவு மெலிகிறது என்பதைக் காலமுறைப்படி கண்காணிக்க மீயொலி ஏற்றது. ஊசியைச் சரியான தசையில் செலுத்தவும் அது வழிகாட்டுகிறது. இவ்விடங்களில் எல்லாம் படிமத்திடம் கேட்கப்படும் வினா அதனால் விடையளிக்கத்தக்கது.

இனிவரும் ஆய்வுகள் சில நெறிகளைக் கைக்கொள்ளுதல் நலம். ஒரே நபரைப் பல காலகட்டங்களில் அளந்து, மாற்றம் வலிக்கு முன்னதா பின்னதா என ஆராய வேண்டும். ஒரே அளவீட்டை இருவர் தனித்தனியே எடுத்து, வேறுபாட்டின் அளவை வெளியிட வேண்டும். வேறுபாடு காணப்படாத முடிவுகளும் வெளியாக வேண்டும். அவை மறைக்கப்படும் வரை தொகுப்பாய்வுகளும் ஒருபக்கச் சாய்வு உடையனவாகவே அமையும்.

முடிவுரை

காஸ்டன் காலத்தில் பல், பின்னர்த் தசை, அதன்பின் தட்டு எனத் தாடை வலிக்கான காரணம் இடம் மாறிக்கொண்டே வந்துள்ளது. கருவி மேம்பட்டதால் தசை இன்று மீண்டும் நடுவிடத்துக்கு வந்துள்ளது. தட்டு கண்ணுக்குத் தெரிந்தபோது நிகழ்ந்த பிழை தசை தெரியும்போதும் நிகழ வேண்டியதில்லை. மெல்லும் தசையின் தடிமன், நிறம், விறைப்பு ஆகியவை உடற்கூற்றுத் தரவுகள். அவை வலியோடு எவ்வாறு தொடர்புறுகின்றன என்பது இன்னும் ஆராயப்பட வேண்டிய வினா. படம் இயல்பாக உள்ளது என்பதைக் காட்டி நோயாளியின் வலியை மறுப்பதற்கோ, படம் மாறுபட்டுள்ளது என்பதைக் காட்டி மீளமுடியாத சிகிச்சைக்கு அவரை உட்படுத்துவதற்கோ இன்றுள்ள சான்றுகள் இடந்தரவில்லை.